கடன் கையேட்டில் சர்க்கரைப் பொங்கல்

போன மாதம் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையிலிருந்து கவிதா என்ற அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர், நேரில் பார்த்ததில்லை. பசுமைக் கடன் கையேட்டைத் திருத்தி எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், கால்நடைக் கடன் பகுதியில ஒரு வரி இருக்கு. சரிபார்ப்பு நாள்ல மாட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் குடுத்தாங்களான்னு அதிகாரி உறுதி செய்யணுமாம். யாரோ விளையாட்டுக்குச் சேர்த்திருக்காங்க போல. எடுத்துடவா?"

"எடுக்காதீங்க."

"ஏன் சார்?"

"எழுதி அனுப்புறேன்."

வாயால் விளக்கம் கொடுக்கக் கூடாது என்பதுதான் வங்கியில் நான் முதலில் கற்றுக்கொண்டது. ஆகவே இந்தக் கட்டுரை.

கோலா சிலாங்கூர் கிளையில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில், கார்பன் என்றால் தட்டச்சுத் தாள்களுக்கு நடுவே வைக்கும் கறுப்புத் தாள். அதைக் குறைத்துப் பயன்படுத்தச் சொல்லி அப்போதும் சுற்றறிக்கை வரும். பிறகு கடன் பிரிவுக்கு மாறினேன். பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகுகள், சுங்கை பஞ்சாங்கில் நெல் அறுவடை இயந்திரங்கள், தோட்டங்களில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரிகள் என்று, வடக்கு சிலாங்கூரில் நகரக்கூடிய எல்லாவற்றுக்கும் மதிப்பீடு எழுதியிருக்கிறேன். புகை வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது' என்று குறித்துக்கொள்வேன்.

ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது எங்கள் வங்கி பருவநிலை மாற்றத்தைக் கண்டுபிடித்தது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் பயிற்சி நடந்தது. உலகம் சூடாகிக்கொண்டே போகிறது என்பதை, குளிர்சாதனம் தாங்காமல் மேல்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஆனால் சொன்ன விஷயம் பொய்யில்லை. அந்த ஆண்டே ஒரு பெரிய கடல் நீரேற்றத்தின்போது, பாசிர் பெனம்பாங்கில் நான் மதிப்பீடு செய்த மீன் கிடங்குக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அடமானப் பத்திரத்தில் அந்த இடம் 'நிலம்' என்றே இருந்தது.

பசுமை நிதி என்பது பெரிய சித்தாந்தம் இல்லை. புகையையும் கெட்ட வாயுவையும் குறைக்கும் காரியத்துக்குக் குறைந்த வட்டியில் பணம் கொடு. குறைந்ததா என்று ஆண்டுதோறும் போய்ப் பார். குறையாவிட்டால் சலுகையைப் பிடுங்கு. பணம் கொடுப்பதில் எங்களுக்கு அனுபவம் உண்டு. பிடுங்குவதில் இன்னும் அதிக அனுபவம் உண்டு. நடுவில் இருக்கும் 'போய்ப் பார்' மட்டும்தான் புதிது.

எங்கள் கிளை மேலாளர் பிலோமினா மேடம். தோட்டத்தில் பிறந்து, தேவாலயத்துப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, மேலே வந்தவர். கோப்பு படிக்க உட்கார்ந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுப்பார். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே படிப்பார். சந்தேகமான வரி வந்தால் அதன் மேல் ஒரு கடலை ஓட்டை வைப்பார். வாயைத் திறக்கமாட்டார். படித்து முடித்ததும், திறந்த கோப்பை இரண்டு கையாலும் மெல்ல என் பக்கம் தள்ளுவார், ஓடு எதுவும் நகராதபடி. நான் ஓட்டுக்கு ஓடு பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால் அந்த ஓட்டை எடுத்துக் குப்பையில் போடுவார். கோப்புகள் எல்லாம் கணினிக்குள் போன பிறகும் எனக்கு மட்டும் அச்செடுத்து வரும்படி உத்தரவு. "ஸ்கிரீன்ல ஓடு நிக்காது லா," என்றார்.

நிதியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு பசுமைக் கடனாவது கொடுத்திருக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரில் செய்தி பரவியது. ஒரு லோரிக்காரர் வந்து, வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று கேட்டார். கல்யாண மண்டபக்காரர் ஒருவர், தோகை விரித்த மயில் வடிவத்தில் சூரிய விளக்கு வைக்கப் போவதாக வரைபடத்தோடு வந்தார். அதில் மேடம் வைத்த ஓடுகளில் மயிலே மறைந்துவிட்டது.

அப்புறம் சரோஜா வந்தார். கிளைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் பால் ஊற்றுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஆற்றோரத் தோட்டம் ஒன்றில், பழைய லயத்துக் கடைசியில் மாடுகள் வைத்திருந்தார்.

"பேங்க் சார், கடன் குடுக்க ஆள் தேடுறீங்களாமே. நாங்களா வந்து கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பீங்க. இப்ப பொண்ணு தேடுற மாதிரி தேடுறீங்கன்னு கடைக்காரர் சொல்றாரு."

"எதுக்குக் கடன்?"

"சாணிக்கு."

விஷயம் இதுதான். மாட்டுக் கொட்டகையின் சாணி பக்கத்துக் கால்வாயில் கலந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தின் செம்பனை எண்ணெய்க்கு, சுற்றுச்சூழலைக் கெடுக்காதது என்று சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் கால்வாயைப் படம் எடுத்துப் போய்விட்டார்கள். சாணியை நிறுத்து, இல்லையென்றால் மாடுகளை ஓட்டு என்று தோட்டத்து மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மாட்ட வித்துட்டு ஷா ஆலாம் வந்துடுன்னு மகன் சொல்றான். ஃப்ளாட்டு, பதினாலாவது மாடி. அங்க காலையில எழுந்திருச்சு நான் யார திட்டுறது?"

கோலா குபு பாருவில் ஒருவர் சாண எரிவாயுத் தொட்டி செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். திறந்த வெளியில் சாணி அழுகினால் அதிலிருந்து வரும் வாயு மேலே போய் உலகத்தைச் சூடாக்கும். மூடிய தொட்டிக்குள் அழுகினால் அதே வாயு குழாய் வழியாக அடுப்புக்கு வந்து சோறு வேக வைக்கும். ஹோட்டலில் நாள் முழுக்க எங்களுக்குச் சொன்னதன் சாரம் ஒரு பால்காரம்மாவின் கோரிக்கையாக என் மேசைக்கு முன்னால் நின்றது. மனுவை நானே நிரப்பினேன்.

மனு தொழிற்சாலைகளுக்காகத் தயாரித்தது. 'புகைபோக்கியின் உயரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. பூஜ்யம் போட்டால் சிவப்பாக மினுக்கியது. தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'வாயு வெளியேறும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறிப்பிடவும்' எனப் பதில் வந்தது. கட்டளை தெளிவாக இருந்ததால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

மாடுகளில் ஆடாமல் நின்றது ஒரு இளங்காளை மட்டும்தான். அதற்கு ஒய்.பி. என்று பெயர். நம் ஊரில் சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தானே அழைக்கிறோம்.

"இதுக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டேன்.

"எப்பயாச்சும் வரும், தலையாட்டும், போயிடும்," என்றார் சரோஜா. "என்னா சார், பின்னால போயி அளக்கறீங்க?"

"பேங்க் கேக்குது."

"உங்க வேலைக்கு நம்ம வேலை பரவால்ல சார்."

அடுத்தது அடிப்படை அளவு. தொடர்ந்து மூன்று நாள் எல்லா மாடுகளின் சாணத்தையும் எடை போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் மறுபடி மூன்று நாள் எடை போட்டு, அந்த அளவில் பெரும்பகுதியாவது தொட்டிக்குள் போகிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் வட்டிச் சலுகை நிற்கும். அதைவிட முக்கியமாக, வங்கி ஆண்டுதோறும் சரி என்று சொன்னால்தான் மாடுகள் இருக்கலாம் என்று மேனேஜரும் நிபந்தனை போட்டிருந்தார்.

எடை போடும் தேதியைத் தலைமையகத்துக் கணினி தேர்ந்தெடுக்கும். பொது விடுமுறைகளைத் தவிர்க்கத் தெரிந்த புத்திசாலிக் கணினி. அதன் பட்டியலில் மாட்டுப் பொங்கல் இல்லை. என் நாட்காட்டியிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டவுனுக்கு வந்த பிறகு பல ஆண்டுகளாக, வாட்ஸ்அப்பில் வரும் மாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு மாட்டுப் பொங்கலை முடித்துக்கொண்டிருந்தவன் நான்.

தராசையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனால், தோட்டத்துச் சாலை ஓரமெல்லாம் கார்கள் நின்றன. ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு மாடு இருந்த தோட்டம். எல்லாரும் கிள்ளான், ஷா ஆலாம் என்று போய்விட்டார்கள், மாடுகளும் போய்விட்டன. மிச்சம் இருப்பது சரோஜாவின் மாடுகள்தான். ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மாடு வேண்டுமே. ஆகவே ஊரை விட்டுப் போன குடும்பமெல்லாம் ஆளுக்கொரு பானையோடு அன்று வந்துவிடும். ஒரு தோட்டத்தின் மொத்தப் பக்தியும் ஒன்பது மாடுகளின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், கரும்பு. ஒரு பெரியவர் முறுக்கு நீட்டினார். ஒய்.பி. யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாரிடமும் வாங்கிக்கொண்டது.

"போதும் லா," என்று சரோஜா கத்திக்கொண்டிருந்தார். "வயிறு கெட்டுச்சுன்னா ஒங்க காருலயே ஏத்தி விட்டுருவேன்."

அன்று மாலையிலிருந்து மூன்று நாள் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. வாளி போதவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தராசு காட்டியதை அப்படியே எழுதினேன். குறிப்புப் பகுதியில், 'பண்டிகைக் காலம். மாடுகள் நன்றாக உண்டன' என்று சேர்த்தேன். மேடம் அந்த வரியின் மேல் இரண்டு ஓடுகளை வைத்தார். அது வழக்கத்தில் இல்லாதது.

"நன்றாகன்னா எவ்வளவு நன்றாக?"

"திருப்பி எடை போட்டாத்தான் தெரியும் மேடம். மாடு செத்தாத் தவிர திருப்பி எடை போட விதி இல்ல."

மேடம் சிறிது நேரம் கடலை தின்றார். ஓடுகளைக் குப்பையில் போடாமல் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

தலைமையகம் மகிழ்ந்து போனது. ஒன்பது மாடுகள் இவ்வளவு வாயுவைத் தவிர்க்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கடன் உடனே கிடைத்தது, தொட்டி வந்தது, சரோஜாவின் அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. கால்வாயில் தண்ணீர் தெளிந்தது. வங்கியின் ஆண்டறிக்கையில் ஒய்.பி.யின் முகம் பக்கம் முழுக்க வந்தது.

சில மாதம் கழித்து, சரிபார்ப்புக்கு முன்னால் நானே ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். சாதாரண நாளில் சாதாரணப் புல் தின்ற மாடுகள், அடிப்படை அளவில் பாதியைக் கூட எட்டவில்லை. அத்தனை சாணமும் ஒழுங்காகத் தொட்டிக்குள்தான் போகிறது. ஆனால் விதிப்படி கடன் தோல்வி. சலுகை போகும், மேனேஜருக்குக் கடிதம் போகும், மாடுகள் லோரி ஏறும்.

அன்றே உள்ளதைச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினேன். அடிப்படை அளவு பண்டிகை நாளில் எடுத்தது, திருத்த அனுமதி வேண்டும் என்றேன். 'ஆண்டறிக்கையில் அச்சாகிவிட்டதால் திருத்த இயலாது' என்று பதில் வந்தது. சரிபார்ப்பு நவம்பரில் என்று கணினியும் தேதி கொடுத்துவிட்டது.

சரோஜாவிடம் சொன்னேன். அவர் மாடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப என்னா சார் பண்ணச் சொல்றீங்க? மெரட்டியா போட வைக்க முடியும்?"

"அப்படி இல்லம்மா..."

"சுங்கை பஞ்சாங்ல என் கொழுந்தன் மாடு வச்சிருக்காரு. ஒரு லோரி சாணி அனுப்பச் சொல்லவா?"

"அது வேற மாட்டுச் சாணி. எழுத முடியாது."

"சாணில பேரா எழுதியிருக்கு?" என்றவர், தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கிண்டல் இல்லை. "மேனேஜர் கடிதாசி வந்தா ஒரு வாரத்துல காலி பண்ணணும் சார். மகன் லிஃப்ட்டுல எந்தப் பொத்தான அமுக்கணும்னு இப்பவே போன்ல சொல்லிக் குடுக்கறான்."

அன்று பிலோமினா மேடம் மின்விசிறியை நிறுத்தியவர் வெகுநேரம் போடவில்லை. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். எனக்கும் வியர்த்தது, அவருக்கும் வியர்த்தது. பின்னிணைப்பு ஒன்றில் அவர் கை நின்றது. ஓடு வைக்கவில்லை. முழுக் கடலையையே வைத்தார்.

'சரிபார்ப்பு, அடிப்படை அளவு எடுக்கப்பட்ட அதே பருவத்திலும், அதே தீவனத்திலும், அதே சூழ்நிலையிலும் நடைபெற வேண்டும்.'

நெல் ஆலைகளுக்காக எழுதிய விதி; தீவனம் என்றால் ஆலைக்குள் போடும் நெல். அறுவடைக் காலத்தை அறுவடைக் காலத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக. ஆனால் ஆலை என்ற சொல் அதில் இல்லை.

"எழுதுங்க," என்றார் மேடம்.

மாட்டுப் பொங்கல் அன்று சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள்; விதி எண் கொடுத்தேன். தீவனம் என்ன என்று கேட்டார்கள், பட்டியல் கொடுத்தேன். முறுக்கையும் விடவில்லை. சர்க்கரைப் பொங்கலின் சேர்மானம் கேட்டார்கள். சரோஜாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"வெல்லம் எவ்ளோன்னு கேக்கறாங்க."

"ஒரு கை."

"யாரோட கைன்னு கேப்பாங்கம்மா."

"மேனேஜர் கையின்னு போடுங்க. அவருக்குத்தான் கை நீளம்."

'ஒரு கைப்பிடி, பெரியவர் கை' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சரிபார்க்க வந்தவர் ஃபாரிஸ் என்ற இளைஞர். கோலாலம்பூரிலிருந்து காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தார். நேர்மையானவர் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"சார், இங்கே ஒரு புகைபோக்கி இருக்க வேண்டுமே. உயரம் ரொம்பக் குறைவாக இருக்கிறது. எங்கே?"

நான் ஒய்.பி.யின் வாலைக் காட்டினேன். அவர் அளவு நாடாவை எடுத்தார். பிறகு யோசித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் நாள், மாட்டுப் பொங்கல் அன்று, காலையிலிருந்தே மழை. ஆற்றில் நீரேற்றமும் சேர்ந்துகொள்ள, தோட்டத்துச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. கார்கள் முச்சந்தியிலேயே நின்றுவிட்டன. மத்தியானம் வரை வந்து சேர்ந்தது இரண்டு பானைதான். மாடுகள் நனைந்த முகத்தோடு எங்களைப் பார்த்தன.

"சாலை வெள்ளத்துக்குப் பருவநிலைதான் காரணமா?" என்று ஃபாரிஸ் என்னைக் கேட்டார்.

"இந்தச் சாலை அப்பயும் மூழ்கும்," என்றேன். "ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை. இப்ப மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறோம்."

சரோஜா தொலைபேசியை எடுத்தார். தோட்டத்தை விட்டுப் போனவர்களின் குழு ஒன்று வாட்ஸ்அப்பில் உண்டு. அதில் அவர் பேசி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "வருஷா வருஷம் எம்மாட்டத்தான கும்புடுறீங்க? அடுத்த வருஷம் ஓட்டிட்டுப் போயிட்டாங்கன்னா எதக் கும்புடுவீங்க, காரையா? எறங்கி வாங்க லா."

முதலில் வந்தது தோட்டத்து டிராக்டர். பின்னால் வண்டியில் குடை, பானை, குழந்தைகள், கரும்புக் கட்டு. டிராக்டரை ஓட்டி வந்தவர் மேனேஜர். எவ்வளவு நேரம் முச்சந்தியில், தன் பங்களா வாசலில் இத்தனை பேர் ஹார்ன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்று என்னிடம் சலித்துக்கொண்டார். இறங்கியவர் கையிலும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பிலோமினா மேடம் பேரணியின் கடைசியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தேவாலயத்துச் சேலையில் வந்தார். அன்று ஒரே ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். உரித்த வேர்க்கடலை. பட்டியலில் இல்லாததால் மாடுகளுக்குக் கொடுக்க நான் அனுமதிக்கவில்லை. அதை ஃபாரிஸ் தின்றார்.

மூன்றாம் நாள் மாலை. வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஃபாரிஸ் தன் கையாலேயே எடை போட்டார். சப்பாத்து எப்போதோ நிறம் மாறிவிட்டது. கணக்கு முடிக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. தேவையான அளவுக்கு ஒரு வாளி குறைந்தது. எட்டு மாடுகள் தங்கள் கடமையை முடித்துப் படுத்துவிட்டன. ஒய்.பி. மட்டும் நின்றுகொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து எல்லாரிடமும் வாங்கித் தின்றது அதுதான். இதுவரை எதுவும் தரவில்லை.

ஒரு தோட்டமே அதன் பின்னால் நின்று பார்த்தது. மேனேஜர் பார்த்தார். மேடம் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு பார்த்தார். ஃபாரிஸ் கைக்கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். தேர்தல் இரவுகளில்கூட அப்படியொரு மௌனத்தை நான் கேட்டதில்லை. சரோஜா மட்டும் பார்க்கவில்லை. கொட்டகைத் தூணில் சாய்ந்து, பதினாலாவது மாடியைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒய்.பி. வாலைத் தூக்கியது.

அந்த வட்டாரத்தில் ஒரு ஒய்.பி. சொன்ன நேரத்துக்குள் கொடுத்தது அதுவே முதல் முறை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஃபாரிஸ் வாளியோடு ஓடினார். எடை போட்டார், திரும்பவும் போட்டார், எழுதினார். பிறகு மனுவின் மேல் கையெழுத்திட, முதுகைக் கொடுக்கும்படி மேனேஜரைக் கேட்டார்.

சரோஜா என் பக்கத்தில் வந்தார்.

"பேங்க் சார், இது வருஷா வருஷமா?"

"கடன் முடியுற வரைக்கும்."

"அப்ப மெதுவா கட்டுறேன்."

ஃபாரிஸ் தன் அறிக்கையில் இரண்டு அளவுகளையும் எழுதினார்: பொங்கல் நாள் அளவு, சாதாரண நாள் அளவு. நானும் அவரும் சேர்ந்தே அப்படித் தீர்மானித்தோம். தலைமையகம் இரண்டில் அழகானதை எடுத்து அச்சிட்டது. கடலோ அறிக்கை படிப்பதில்லை. பாசிர் பெனம்பாங் கிடங்கில் தண்ணீர் இப்போது முழங்காலுக்கு வருகிறது. ஆனால் சரோஜாவின் தொட்டிக்குள் அன்றாடம் போகும் சாணம் நிஜம், அடுப்பில் எரியும் தீ நிஜம். ஊர் ஊராக இப்படிப் பல தொட்டிகளும், அவற்றைப் போய்ப் பார்க்கச் சப்பாத்து அழுக்காகச் சம்மதிக்கும் ஆட்களும் இருந்தால், அறிக்கைக்குச் சர்க்கரை தேவைப்படாது.

'அதே தீவனம்' என்றால் என்ன என்று பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று கையேட்டில் அந்த வரியைச் சேர்த்தவர் ஃபாரிஸ்தான். மேடம் அதன் மேல் ஓடு எதுவும் வைக்கவில்லை.

ஆகவே கவிதா, வரியை எடுக்க வேண்டாம். எடுத்தால் அடுத்த சரிபார்ப்பை நவம்பரில் வைப்பார்கள். முறுக்கு வேண்டுமானால் போகட்டும். கடந்த பொங்கலுக்கு நானும் ஒரு பானையோடு போயிருந்தேன். எல்லா மாடுகளும் இருக்கின்றன, ஒரு கன்றும் கூடுதல். மேனேஜர் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தார். உங்கள் திருத்தத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். ஒய்.பி. நன்றாக வளர்ந்துவிட்டது. சரோஜாவின் மனுவில் புகைபோக்கியின் உயரத்தை மாற்ற வேண்டும். அளவு நாடா, என் பழைய மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கும்.